இரண்டாம் செயற்கைக்கோளுக்கு நான் செய்தது

அவள் எங்கள் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று நான்தான் அவளை ஒவ்வொரு அறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். குரங்கு வந்தால் எந்த ஜன்னலை முதலில் சாத்த வேண்டும், குலசேகரம் போக எந்த வளைவில் நின்று கை காட்டினால் பஸ் நிற்கும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இனி எழுதப் போவதெல்லாம் அவள்மேல் நான் பட்ட பொறாமையைப் பற்றித்தான்.

பேச்சிப்பாறைக்குப் போகும் வழியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மேட்டில் இருக்கிறது எங்கள் நிலையம். இரண்டு பெரிய டிஷ் ஆன்டெனா, ஒரு கட்டிடம், ஒரு ஜெனரேட்டர் ஷெட். ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஏழு வானிலைச் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. வடக்கும் தெற்குமாக, இரண்டு துருவங்களின் மேலாகவும் அவை பூமியைச் சுற்றுகின்றன. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய நூறு நிமிடம். ஒவ்வொன்றும் காலையில் ஒன்றிரண்டு தடவை, மாலைக்கு மேல் ஒன்றிரண்டு தடவை எங்கள் தலைக்கு மேலே கடந்து போகும். அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தை நாங்கள் பாஸ் என்போம். பாட்டரி எப்படி இருக்கிறது, உள்ளே சூடு எவ்வளவு, எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதையெல்லாம் அதற்குள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எடுத்த மேகப் படங்களை இறக்க வேண்டும். அடுத்த ஒரு நாளைக்கான கட்டளைகளை அனுப்ப வேண்டும். அதற்குள் அது அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிடும்.

செயற்கைக்கோள்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஒன்று, இரண்டு என்றே பேசிக்கொள்வோம். அவள் வருவதற்கு முன் ஆறு வருடமாக நான் அந்த நாற்காலியில் இருந்தேன். ஏழையும் என்னளவு தெரிந்தவர்கள் நிலையத்தில் யாரும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

அவள் கடற்கரைக்காரி. என்னைவிட மூன்று வயது இளையவள். ஊரிலிருந்து நாகர்கோவிலுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இரண்டு பஸ் என்று மாறி வருவாள். ஒருநாளும் பிந்தியதில்லை. என்னை “எக்கா” என்று கூப்பிடுவாள். மதியம் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் மீன்குழம்பின் மணம் அறை முழுக்க நிறைந்துவிடும். எனக்கென்று தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில் கொண்டுவருவாள். நான் மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொண்டுபோவேன். முதல் ஒரு வருடம் அப்படித்தான் போனது.

முதல் குத்தல் ஐந்தாம் செயற்கைக்கோளால் வந்தது. செயற்கைக்கோள் திசை திரும்புவதற்கு அதற்குள்ளேயே சின்னச் சக்கரங்கள் சுழன்றுகொண்டிருக்கும். ஐந்தில் ஒரு சக்கரம் கெட்டுக்கொண்டு வருவதாக அவள் கண்டுபிடித்தாள். அதே வரைபடத்தை நான் மூன்று வாரமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் சுட்டிக் காட்டிய பிறகு பார்த்தால், அது தெரியாமல் எப்படி இருந்தது என்று எனக்கே புரியவில்லை. சரியான நேரத்தில் அந்தச் சக்கரத்தின் வேகத்தைக் குறைத்து அதைக் காப்பாற்றினார்கள்.

எங்கள் நிலையப் பொறுப்பாளர் குழித்துறைக்காரர். வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தின் ரேடாரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். அதிகம் பேசமாட்டார். அன்று அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, “கொள்ளாம் கேட்டியா. நாங்க இத்தன பேரு பாத்தும் கண்ணுல படல்லயே” என்றார்.

ஏழு வருடத்தில் என்னிடம் அவர் ஒரு தடவைகூடக் கொள்ளாம், நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. அந்த ‘இத்தன பேரு’ என்பதில் நான் ஒருத்திதான் இருந்தேன் என்று எனக்குத் தோன்றியது. மதியம் அவள் கொடுத்த குழம்பில் உப்புக் கூடுதல் என்று சொன்னேன். கூடுதலாக இல்லை.

அதற்குப் பிறகு அவள் செய்வது எதுவும் எனக்குச் சாதாரணமாகப் படவில்லை. அவள் கட்டளைப் பட்டியல் தயாரித்தால் அதில் பிழை தேடுவேன். கிடைக்காது. கிடைக்காதபோது வரும் எரிச்சலை வீட்டுக்குக் கொண்டுபோவேன். என் கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு ஒருநாள், “அவ நல்லாச் செய்யுதான்னுதான நீ இவ்வளவு நேரமும் சொல்லுத?” என்றார். அதற்கு மேல் அவரிடம் அவளைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

இதைவிட வெட்கமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு தொலைக்காட்சியிலிருந்து நிலையத்தைப் படம்பிடிக்க வந்தார்கள். இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள் என்று எங்கள் இருவரிடமும் கேட்டார்கள். நான் படித்தது இது, கிடைத்த வேலை இது என்று சொன்னேன். அவள் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது வந்த ஒரு புயலில் கடலுக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவள் அழவில்லை. குரல்கூட மாறவில்லை. கேமரா வைத்திருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒளிபரப்பில் அவள் மட்டும் வந்தாள். நான் பின்னால், மங்கலாக, ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நான் நினைத்தது இதுதான்: எனக்கும் சொல்ல அப்படி ஒன்று இருந்திருக்கலாம். எங்கள் குடும்பத்தில் காற்று யாரையும் கொண்டுபோனதில்லை. வாழை சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். செத்துப்போன அண்ணனுக்காகக்கூட நான் அவள்மேல் பொறாமைப்பட்டேன். தக்கலையில் இறங்குவதற்குள் அந்த நினைப்பு எனக்கே அருவருப்பாகிவிட்டது. ஆனால் அது வந்தது உண்மை.

எட்டாவது செயற்கைக்கோள் வரப்போவதாக ஒரு வருடமாகப் பேச்சு இருந்தது. புதிதாக ஏவப்பட்ட ஒன்றை எழுப்பி, ஒவ்வொரு கருவியாக இயக்கிப் பார்த்து, முதல் படம் எடுக்கும்வரை பொறுப்பேற்று நடத்துவது எங்கள் தொழிலில் பெரிய வேலை. வயதையும் அனுபவத்தையும் வைத்துப் பார்த்தால் அது எனக்குத்தான் வரவேண்டும். அப்படித்தான் நான் வீட்டிலும் சொல்லியிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலைக் கூட்டத்தில் பொறுப்பாளர் அவள் பேரைச் சொன்னார். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். அவள் என் பக்கம் திரும்பி, “எக்கா, நீங்க கூட இருந்தாத்தான் எனக்குத் தைரியம்” என்றாள். மனதாரச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை மதியத்தோடு எனக்கு மூன்று நாள் விடுப்பு. என் கணவரின் அக்காள் மகளுக்குக் குழித்துறையில் கல்யாணம். நான் போகும்போது என் பொறுப்பை அவளிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கு ஒரு படிவம் உண்டு. ஏழு எண்ணுக்கும் ஏழு கட்டம். அடுத்த மூன்று நாளில் எதை எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் எழுத வேண்டும்.

இரண்டாம் செயற்கைக்கோளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அதுதான் இருப்பதில் பழசு. தான் எந்தத் திசையைப் பார்க்கிறோம் என்பதை நட்சத்திரங்களைப் படமெடுத்துத்தான் அது தெரிந்துகொள்ளும். அதற்கென்று இரண்டு கேமரா. அவள் வருவதற்கு முன்பே அதில் ஒன்று செத்துப்போயிற்று. மிச்சமிருந்த ஒன்றின் பார்வைக்குள் வருடத்தில் சில நாட்கள் நிலவு வந்துவிடும். வெளிச்சத்தில் நட்சத்திரங்கள் தெரியாமல் போகும், கணக்குக் குழம்பும். குழம்பினால் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுச் சூரியனைப் பார்த்தபடி, அடுத்த உத்தரவு வரும்வரை அப்படியே கிடக்கும். அதைச் சேஃப் மோட் என்போம். அப்படி ஆகாமலிருக்க ஒரு வழி உண்டு. நிலவு வருவதற்கு முன்பே, கொஞ்ச நேரத்துக்குக் கேமராவை நம்பாதே, உள்ளே திருப்பத்தை அளந்துகொண்டிருக்கும் கைரோவை மட்டும் நம்பு என்று ஒரு கட்டளை அனுப்பினால் போதும். அந்த வழியைக் கண்டுபிடித்தது நான். எந்தக் கையேட்டிலும் அது இல்லை. எந்த நாளில் நிலவு வரும் என்று நானே கணக்குப் போட்டு, அந்த நாட்களில் நானே ஷிஃப்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

அந்தப் புதன்கிழமை மாலையில் நிலவு வரவிருந்தது. கல்யாணத் தேதி வைத்தபோதே எனக்கு அது தெரியும். போவதற்கு முன் கட்டளையை அனுப்பிவிட்டுப் போவதாகத்தான் முன்பு நினைத்திருந்தேன். காலை பாஸ் வந்தது. அனுப்பவில்லை. பிறகு படிவத்தை எடுத்து ஒன்றாம் கட்டத்தை நிரப்பினேன். இரண்டாம் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். ஜன்னல் வழியாக அவள் வெளியே யாரோடோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. ‘விசேஷம் ஒன்றுமில்லை’ என்று எழுதினேன். மற்ற ஐந்து கட்டத்தையும் வழக்கத்தைவிட விளக்கமாக எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

அவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தால் அவளே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அது ஒரு நியாயம்போலக்கூட எனக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை காலை, பெண்ணை மணவறைக்குக் கூட்டிக்கொண்டு வரும் நேரத்தில் என் போன் அடித்தது.

“எக்கா, கல்யாண வீட்டுல தொந்தரவு செய்யுதேன். ரெண்டு சேஃப் மோட்ல கெடக்கு. நேத்தே போயிருக்கு, ராத்திரி பாஸ் ஆளில்லாமத் தானா ஓடுனதுல யாருக்கும் தெரியல்ல. காலைல பாஸ்ல பாத்தா ஒரு படமும் இல்ல.”

“என்ன காட்டுது?”

“கேமரா ஒண்ணு சொல்லுது, கைரோ ஒண்ணு சொல்லுது. ரெண்டும் ஒத்துப்போகல்ல. நான் தப்பா ஒண்ணும் அனுப்பல்லக்கா. லிஸ்ட நாலு மட்டம் பாத்தாச்சு.” அவள் குரல் நடுங்கியது. அதற்கு முன் அது நடுங்கி நான் கேட்டதில்லை. “தெக்க தாழ்வு நிலை வேற உருவாகுது. எங்க ஊருல நாப்பது வள்ளம் கடலுக்குப் போயிருக்கு.”

அந்த நடுக்கத்தைக் கேட்டதும் எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு நாப்பது வள்ளம் என்பது காதில் விழுந்தது. தாழ்வு நிலையைப் பற்றி எனக்குத் தெரியாது. கல்யாண அவசரத்தில் நான் அதைப் பார்த்திருக்கவே இல்லை.

தாலி கட்டுவதைக்கூடப் பார்க்காமல் கணவரின் பைக்கில் கிளம்பினேன். பட்டுச் சேலையோடு, தலையில் பூவோடு நிலையத்துக்குள் போனேன். பதினொரு மணியை ஒட்டி இரண்டாம் செயற்கைக்கோளுக்கு அடுத்த பாஸ். அவள் எழுந்து நாற்காலியை எனக்குக் கொடுத்தாள். பொறுப்பாளர் எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குப் பைக்கில் ஏறும்போதே தெரியும். ஆனாலும் வரைபடங்களைத் திறந்து, அப்போதுதான் யோசிப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிறகு, “நிலாவா இருக்கும்” என்றேன். பத்து நிமிடத்தில் நாலு கட்டளை அனுப்பினேன். அது இறங்கிப் போயிற்று. வடதுருவத்துக்குப் பக்கத்தில், படமும் தகவலும் இறக்குவதற்கு மட்டும் எங்கள் நிறுவனம் வாடகைக்கு எடுத்த ஓர் ஆன்டெனா இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து அங்கிருந்து வந்த தகவலில் இரண்டு தன் திசையைத் தெரிந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையில்தான் படம் எடுக்கத் தொடங்கியது. இடையில் போன படங்கள் போனவைதான்.

“நீ இல்லேன்னா இன்னைக்கு என்னவாயிருக்கும்” என்றார் பொறுப்பாளர். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன். ஒரு வருடமாக எதற்காக ஏங்கினேனோ அது கிடைத்தது. அன்று முழுக்க அதிலேயே இருந்தேன். கல்யாண வீட்டுக்குத் திரும்பிப் போய், செயற்கைக்கோளைக் காப்பாற்றிய கதையை நாலு பேரிடம் சொன்னேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் கடலில் காற்று அடித்தது. மற்ற ஆறு செயற்கைக்கோள்களின் படங்களை வைத்தே எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. நாற்பது வள்ளமும் கரைக்கு வந்தன.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனபோது அவள் ஆன்டெனாவின் அடியில் நின்றிருந்தாள். கையில் ஒரு தாள்.

“எக்கா, ஒரு காரியம் கேக்கணும்.”

“கேளு மக்கா.”

“ரிப்போர்ட் எழுதணும்லா, அதுக்காகப் பழைய கமாண்ட் எல்லாம் எடுத்துப் பாத்தேன். வியாழக்கெழம நீங்க மொதல்ல அனுப்புன கமாண்ட் இதுக்கு முன்னால பன்னிரண்டு மட்டம் போயிருக்கு. பன்னிரண்டும் ஒங்க ஐடில. நாள வச்சும் பாத்தேன். எல்லாமே நெலா அந்தக் கேமரா பக்கம் வாரதுக்கு முந்துன பாஸ்.”

நான் தாளை வாங்கவில்லை.

“லீவு போன அன்னைக்கு ஒங்களுக்கு அது ஓர்மை இருந்துதா? மறந்துட்டேன்னு சொல்லுங்க, நான் நம்பிக்கிடுதேன்.”

அவள் எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தாள். அதில் போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை அந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே இருக்க வேண்டுமா என்ற எண்ணமாகக்கூட இருக்கலாம்.

“மறக்கல்ல” என்றேன்.

“வியாழக்கெழம எங்கம்மா மூணு மட்டம் போன் பண்ணுனா. காத்து எப்படி வரும்னு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல்ல” என்றாள்.

“மத்த ஆறும் இருந்துச்சே” என்றேன்.

“இருந்துச்சு. அதனாலதான் எல்லாரும் வந்து சேந்தாவ.” தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். “ரிப்போர்ட்ல காரணம்னு ஒரு எடம் உண்டு. அத நான் எழுதல்ல. நீங்களே எழுதி சாருக்குக் குடுத்துருங்க.”

உள்ளே போய் அந்த ரிப்போர்ட்டைத் திறந்தேன். முதலில் ‘ஒப்படைப்புக் குறிப்பில் விடுபட்டது’ என்று எழுதினேன். அழித்தேன். ‘கவனக்குறைவு’ என்று எழுதினேன். அதையும் அழித்தேன். மதியம்வரை அப்படியே போனது. கடைசியில், நிலவு வருவது எனக்குத் தெரியும், தெரிந்தே கட்டளையை அனுப்பவில்லை, குறிப்பிலும் எழுதவில்லை என்று எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை. பொறுப்பாளர் படித்துவிட்டு, “எதுக்கு?” என்று மட்டும் கேட்டார். “எட்டாம் நம்பர அவளுக்குக் குடுத்தியள்லா” என்றேன். நாற்பத்திரண்டு வயதில் அதைச் சொல்லும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தாளைக் கவிழ்த்து வைத்தார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வேலை போகவில்லை. எட்டு மாதம் கட்டளை அனுப்பும் உரிமையை எடுத்துவிட்டு ஆன்டெனாப் பராமரிப்பில் போட்டார்கள். டிஷ்ஷைத் திருப்பும் பல்சக்கரங்களுக்குக் கிரீஸ் வைப்பது, மழைக்கு முன் கேபிள் மூட்டுகளைப் பார்ப்பது, குரங்கு கடித்த வயரை மாற்றுவது. ஏழு செயற்கைக்கோளையும் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த சங்கதிகள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார் பொறுப்பாளர். எழுத எழுதத்தான் தெரிந்தது, இரண்டின் நிலவு ஒன்றுதான் நான் ஒளித்து வைத்தது என்றில்லை. சின்னச் சின்னதாக முப்பது நாற்பது இருந்தன. யாரும் ஒளிக்கச் சொல்லாமலேயே அவற்றை நான் எனக்கென்று வைத்திருந்தேன்.

அவள் அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு என்னை “மேடம்” என்று கூப்பிட ஆரம்பித்தாள். மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். மதியம் வேறு மேசையில் உட்கார்ந்தாள். என்னைப் பற்றி அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் கோபப்படவாவது எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

எட்டாவது ஏவப்பட்டு, அதன் முதல் சமிக்ஞை எங்களுக்கு வரவேண்டிய நாள் வந்தது. நான் வெளியே டிஷ்ஷின் அடியில், மோட்டார் சிக்கினால் பார்த்துக்கொள்ள, கையில் ஸ்பானரோடு நின்றேன். டிஷ் மெல்ல வடக்கே திரும்பி, குனிந்து, காத்து நின்றது. பிறகு நகர ஆரம்பித்தது. தடங்கல் இல்லாமல் மலைப்பக்கமிருந்து கடல்பக்கம்வரை ஒரே சீராகப் போயிற்று. உள்ளே கைதட்டும் சத்தம் கேட்டது. எனக்குத் திரை தெரியவில்லை. அந்த அறையில், அவள் நாற்காலியில் நான் இருக்க வேண்டியது என்று அந்த நிமிடமும் நினைத்தேன். செய்த தப்பெல்லாம் தெரிந்த பிறகும் அந்த நினைப்பு குறையவில்லை. அது குறைந்துவிடும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து எட்டாவது முதல் படத்தை அனுப்பியது. அதைப் பெரிதாக அச்சடித்து நிலையத்தில் எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார்கள். என் மேசையிலும் ஒன்று இருந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியாது. சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். வலதுபக்கம் வங்காள விரிகுடா முழுக்க மேகம். நம் தென்முனை மட்டும் தெளிவாக, மலையின் கரும்பச்சையும் கடலோரத்து மணலும் தனித்தனியாகத் தெரிந்தன. நான் பார்த்ததிலேயே நல்ல படம் அதுதான்.

என் கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். “நல்லா இருக்கே. இது நீ எடுத்ததா?”

“இல்ல. அவ எடுத்தது” என்றேன்.

அதற்கு மேல் ஏதாவது சேர்த்துச் சொல்வேன் என்று அவர் என்னைப் பார்த்தார். நான் படத்தின் ஓரங்களில் நாலு தம்ளரை வைத்து, சுருளாமல் நிமிர்த்திவிட்டு, சோறு வடிக்கப் போனேன்.